கீழ்வீட்டு நெடி மேல்வீட்டுக்கு எப்படி வருகிறது? வீட்டின் பகுதிகளுக்கு இடையே காற்றுக்கசிவைச் சோதிக்கும் வழி

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பல வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பு, உள்ளே ரயில் பெட்டி போல நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். கீழே கடையோ குடோனோ இருக்கும், மேலே குடித்தனம். நடுவில் மாடிப்படியும், பாத்ரூம்களை ஒட்டி மேலிருந்து கீழ்வரை போகும் ஒரு டக்ட்டும் இருக்கும். இந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்: "ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டா நாத்தம் ஜாஸ்தியாகுது தம்பி."

அந்தப் புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. ஃபேன் ஒரு வாளி காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். ஜன்னலை மூடிவிட்டால் அது மாடிப்படியிலிருந்தோ, டக்ட்டிலிருந்தோ, கீழ் குடோனிலிருந்து வரும் வயரிங் குழாய் வழியாகவோ வரும். ஆகவே வீட்டில் எத்தனை ஓட்டை என்று எண்ணுவதைவிட, எந்த அறை எந்த இடத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதற்கான சோதனை கடினமானதல்ல. முதல் பாதிக்கு ஓர் ஊதுபத்தியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். அடுத்த பாதிக்குக் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போன்ற ஒளி ஊடுருவும் குழாய் வேண்டும்.

காற்றை நகர்த்துவது எது

காற்று கசிய ஓட்டை மட்டும் போதாது, இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும். வீட்டில் அதை உண்டாக்குபவை மூன்று: வெளிக்காற்று, வெப்ப வித்தியாசம், ஃபேன்.

நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில், காற்று ஒரு சுவரில் நேராக மோதினால் ஏறக்குறைய 5 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வரும். ஏசி அறை வெளியைவிட 8 டிகிரி குளிர்ந்திருந்து, கூரை 3 மீட்டர் உயரம் என்றால், மேலுக்கும் கீழுக்கும் இடையே கிடைப்பது 1 பாஸ்கல் அளவுதான். ஆனால் அந்த 1 பாஸ்கல் இரவு முழுக்க வேலை செய்யும். குளிர்காற்று கனமானது என்பதால் கதவடி இடைவெளி வழியாக வெளியே வழியும். அதற்கு ஈடாக மேலே பரணிலிருந்தோ ஃபால்ஸ் சீலிங்கிலிருந்தோ சூடான காற்று இறங்கும். கதவடியை மட்டும் அடைத்துப் பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் மேலே இருக்கும் ஜோடி ஓட்டையைப் பார்ப்பதில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு அழுத்தம் தரும் என்பது வீடு எவ்வளவு இறுக்கமாக மூடப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஜன்னல் திறந்திருந்தால் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. எல்லாம் மூடியிருந்தால் சில பாஸ்கல் வரும். நமக்கு வேண்டியதும் அந்தச் சில பாஸ்கல்தான்.

முதலில் வரைபடம்

ஒரு தாளில் வீட்டைப் பகுதிகளாகப் பிரித்து வரையுங்கள். ஹால், ஒவ்வொரு படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் தனித்தனிப் பகுதிகள். அதோடு நிறுத்திவிட வேண்டாம். நாம் அறை என்றே நினைக்காத இடங்கள்தான் இங்கே முக்கியம்: மாடிப்படி, டக்ட், பரண், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளி, கீழ் குடோன், பைக் நிறுத்தும் இடம், ஜெனரேட்டர் வைத்திருக்கும் மூலை.

அப்புறம் ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று எழுதுங்கள். கதவடி, பாத்ரூமின் கண்ணாடி லூவர், சமையலறை வெண்டிலேட்டர், ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை, சுவிட்ச் போர்டு, தரையில் உள்ள நஹானி டிராப் (சாக்கடைக் காற்றைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் வடிகால்), வாஷிங் மெஷின் கழிவுக்குழாய், சிம்னிக் குழாய் போகும் இடம். இந்தப் பட்டியல் முழுமையாக இருந்தால் பிறகு பாதி வேலை மிச்சம்.

எந்தப் பகுதியின் காற்று வந்தால் பரவாயில்லை, எது வரவே கூடாது என்றும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். தெருப்பக்க ஜன்னல் காற்று பரவாயில்லை. ஜெனரேட்டர் புகை வரவே கூடாது, அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மிளகாய் மூட்டை நெடியும் கருவாட்டு வாசனையும் தொல்லைதான், ஆனால் ஆளைக் கொல்லாது. அடைப்பதற்கான வரிசையை இந்தக் குறிப்பு தீர்மானிக்கும்.

தொடங்கும் முன்

வீட்டுக்குள் அழுத்தத்தைக் குறைக்கப் போகிறோம். அப்போது வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்பலாம். ஆகவே கேஸ் அடுப்பை அணைத்து, சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கேஸ் கீசர் இருந்தால் சோதனை முடியும்வரை தொடக் கூடாது. கீழே ஜெனரேட்டர் ஓடக் கூடாது, வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விடக் கூடாது. கொசுவத்தி, சாமி விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும்.

மாடியில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை இருந்து, ஷீட் உடைந்தோ உதிர்ந்தோ இருந்தால் அந்த அறையின் கதவை மூடி, இடுக்குகளில் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஃபேனைப் போட வேண்டும். அந்தத் தூசியை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் அளவுக்கு எந்தச் சோதனையும் முக்கியமல்ல. ஆஸ்துமா உள்ளவர்களைச் சோதனை நேரத்தில் மொட்டை மாடிக்கு அனுப்பிவிடலாம்.

நேரம் முக்கியம். சென்னையில் பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால், காசிமேடு, ராயபுரம் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் அளவு நிலையாக நிற்காது. வெளிக்காற்று தரும் 5 பாஸ்கலில் நம் ஃபேனின் 5 பாஸ்கல் காணாமல் போய்விடும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது செய்யுங்கள்.

எல்லா ஜன்னல்களையும் வெளிக்கதவையும் மூடுங்கள், உள்கதவுகளைத் திறந்து வையுங்கள். சீலிங் ஃபேன், ஏசி இரண்டும் நிற்கட்டும். பயன்படுத்தாத பாத்ரூமின் நஹானி டிராப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அதில் நீர் 50 மில்லிமீட்டர் நின்றால் கிட்டத்தட்ட 490 பாஸ்கலைத் தாங்கும், எந்த ஃபேனும் அதை உடைக்காது. நீர் வற்றியிருந்தால் அது சாக்கடையை நோக்கித் திறந்த குழாய்.

ஃபேனும் ஊதுபத்தியும்

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். ஃபேன் இல்லாத வீட்டில், ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்து, சுற்றியுள்ள இடத்தை அட்டையாலும் டேப்பாலும் மறைத்துவிடலாம். ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். அப்போதுதான் ஓட்டைகளில் காற்று உள்ளே பாயும், நம் கைக்குத் தெரியும்.

வெளிக்கதவை ஒரு விரல் அகலம் திறந்து, இடுக்கில் டிஷ்யூ பேப்பர் துண்டைப் பிடியுங்கள். அது உள்ளே வேகமாகச் சாய்ந்தால் சரி, வீடு இழுக்கிறது. அசையாமல் நின்றால் வீட்டில் ஏதோ பெரிய திறப்பு இருக்கிறது. பெரும்பாலும் அது பாத்ரூம் லூவர். அதைச் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் கொண்டு தற்காலிகமாக மூடிவிட்டு மறுபடி பாருங்கள். சமையலறை வெண்டிலேட்டரையும் சோதனைக்காக மூடலாம், ஆனால் முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். இதை மறக்க வேண்டாம்.

இப்போது ஒவ்வோர் அறையாக வாருங்கள். ஹாலில் நின்று படுக்கையறைக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்துங்கள். இடுக்கில் கையை வையுங்கள். அறையிலிருந்து ஹாலை நோக்கிக் காற்று சீறி வந்தால், அந்த அறைக்கு வேறு எங்கோ தாராளமான வழி இருக்கிறது. லேசாக மட்டும் வந்தால் அறை இறுக்கம். இப்படி எல்லா அறைகளையும் ஒப்பிட்டு, எது அதிகம் சீறுகிறதோ அதை வரைபடத்தில் முதலாவதாகக் குறியுங்கள். வீட்டின் பகுதிகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனைகளில் இதைவிட எளிதானது இல்லை. என் அனுபவத்தில் பலருக்கும் இதுவே போதும்.

அடுத்து, அந்த அறை காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கதவு இடுக்கில் ஒருவர் கையை வைத்து நிற்கட்டும். இன்னொருவர் உள்ளே போய், ஜன்னல் விளிம்புகளில் டேப் ஒட்டட்டும். சீறல் குறையவில்லையா? அப்படியானால் ஜன்னல் குற்றவாளி அல்ல. அடுத்து ஏசி குழாய்த் துளை, பிறகு சுவிட்ச் போர்டு, பிறகு பரண் கதவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மூடுங்கள். எதை மூடியதும் சீறல் சட்டென்று தணிகிறதோ அதுவே பெரிய வழி. நாலையும் சேர்த்து மூடிவிட்டு "குறைந்துவிட்டது" என்றால் எதுவும் தெரியாது.

ஊதுபத்தி நுணுக்கமான இடங்களுக்கு. ஏற்றியவுடன் கொண்டு போக வேண்டாம், புகை ஒரே கோடாக எழும்வரை காத்திருங்கள். சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, மெதுவாக நகர்த்துங்கள். கோடு எங்கே உடைந்து வளைகிறதோ அங்கே நில்லுங்கள். திரைச்சீலை, தெர்மாகோல் பக்கம் நெருப்பைக் கொண்டு போகாமல், அங்கே முகப்பவுடரை லேசாகத் தூவிப் பாருங்கள்.

டக்ட்டிலிருந்தா, அடுத்த வீட்டிலிருந்தா என்ற சந்தேகத்துக்கு மூக்குதான் கருவி. டக்ட்டின் அடியில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதில் கொஞ்சம் நீலகிரித் தைலம் விடச் சொல்லுங்கள். விடுபவர் வேறு, மேலே மோப்பம் பார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும். தைலம் தொட்ட கையோடு படியேறி வந்தவருக்கு எல்லா அறையிலும் அந்த வாசனைதான் அடிக்கும்.

அழுத்தத்தை அளப்பது

கை உணர்வு வரிசையைக் காட்டும், விகிதத்தைக் காட்டாது. அதற்கு மேனோமீட்டர் வேண்டும். ஏசி டக்ட் வேலை செய்பவர்களிடம் டிஜிட்டல் மேனோமீட்டர் இருக்கும். 1 பாஸ்கல் அளவிலாவது பிரித்துக் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிலோபாஸ்கலில் காட்டும் கேஸ் கேஜ் இங்கே உதவாது. சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி உண்டு. அதில் கதவைத் திறந்து மூடும்போது எண் மாறுவதைப் பார்க்கலாம். ஆனால் கைபேசியை ஒரு மீட்டர் உயர்த்தினாலே 12 பாஸ்கல் அளவு மாறிவிடும், மேசையை விட்டு அசைக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். 1 மில்லிமீட்டர் நீர் உயரம் என்பது சுமார் 10 பாஸ்கல். குழாயைச் செங்குத்தாக வைத்தால் நம் 5 பாஸ்கல் அரை மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழாயைச் சாய்த்துப் படுக்க வைக்கிறோம். 1 மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால், 1 பாஸ்கலுக்கு நீர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகரும்.

அகலமான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் பாதிவரை நீர் ஊற்றி, பார்ப்பதற்காகக் கொஞ்சம் கேசரி பவுடரும், நீர் குழாயில் ஒட்டாமல் இருக்கப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு துளியும் விடுங்கள். மூடியில் இரண்டு துளைகள். ஒன்றில், நீரைத் தொடாத குழாய். இன்னொன்றில், நீருக்குள் முங்கி வெளியே வந்து பலகைமேல் சாய்ந்து கிடக்கும் நீண்ட ஒளி ஊடுருவும் குழாய். துளைகளைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். நீண்ட குழாயை வாயால் லேசாக உறிஞ்சி விட்டால் நீர் மூடியைத் தாண்டி வந்துவிடும். அதன் மட்டம் சாய்ந்த பகுதியில் நிற்கும்படி பாட்டிலை உயர்த்தி வையுங்கள். நடுவே காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்க்கும்.

இதை ஹாலில் வைத்து, முதல் குழாயின் முனையைக் கதவடி வழியாக வெளியே விடுங்கள். முனையில் ஒரு பஞ்சு வைத்தால் காற்றடியில் குதிக்காது. ஃபேன் நிற்கும்போது நீர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது பூஜ்யம். ஃபேனைப் போட்டதும் நகர்ந்த தூரம் ஹாலுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். 10 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு வராவிட்டாலும் பரவாயில்லை, விகிதம்தான் நமக்கு வேண்டும்.

அடுத்து படுக்கையறைக் கதவை முழுக்கச் சாத்தி, முதல் குழாயின் முனையை அந்த அறைக்குள் விட்டு அளவைப் பாருங்கள். இது ஹாலுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம். மொத்தம் 10-இல் அது 5 என்றால், அறையிலிருந்து ஹாலுக்கு வரும் வழியும் அறையிலிருந்து வெளிக்குப் போகும் வழியும் ஒரே அளவு. 8 என்றால், மீதி 2 அறைக்கும் வெளிக்கும் நடுவே. அப்போது வெளிவழி உள்வழியைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பெரியது. 9 என்றால் நான்கு மடங்கு. 2 மட்டும் காட்டினால் தலைகீழ்: உள்வழிதான் இரண்டரை மடங்கு பெரியது, அறை ஹாலோடு சேர்ந்தது.

கணக்கு எப்படி? இரண்டு அழுத்தங்களையும் வகுத்து, விடையை 0.65 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். வீட்டு இடுக்குகளில் காற்று ஓட்டம் அழுத்தத்தின் 0.65 அடுக்கைப் பெரும்பாலும் பின்பற்றும். பல கைபேசிகளில் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்குக்கான பொத்தான் (xʸ) வரும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. இது விகிதம் மட்டுமே. ஊசித்துளை இரண்டும் 5-க்கு 5 காட்டும், வாசல் அளவுத் திறப்பு இரண்டும் 5-க்கு 5 காட்டும்.

குடோன் விஷயத்தில் இதன் விளைவு பெரிது. மாடிப்படிக் கதவடியாகக் குழாயைக் குடோனுக்குள் விட்டு அளந்தால், ஷட்டர் திறந்திருக்கும்போது முழு 10-உம் காட்டும். "குடோன் வெளியைப் போல இருக்கிறது, நம் வீட்டோடு தொடர்பே இல்லை" என்று நிம்மதி அடைய வேண்டாம். ஷட்டர் திறப்பு அவ்வளவு பெரியது என்பதால் நம் வீட்டு ஓட்டை அதன் முன் தெரியவில்லை, அவ்வளவுதான். கீழே இருப்பவரிடம் சொல்லி ஷட்டரை இறக்கி, அதன் இடுக்குகளையும் கோணியால் மறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு 10-இலிருந்து 7-க்கு இறங்கினால், குடோனிலிருந்து நம் வீட்டுக்குக் கணிசமான வழி இருக்கிறது.

பெரிய ஃபேன் கிடைத்தால்

இதற்கென்றே புளோவர் டோர் என்ற கருவி உண்டு. வாசலில் துணிச்சட்டத்தைப் பொருத்தி, ஓட்டம் அளக்கப்பட்ட ஃபேன் ஒன்றை அதில் வைத்து, வீட்டை 50 பாஸ்கல் இழுப்பில் நிறுத்துவார்கள். ஐ.எஸ்.ஓ. 9972 என்ற சர்வதேசத் தரம் இந்தச் சோதனைக்கானது. 50 பாஸ்கல் என்பது மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர் காற்று சுவரில் மோதும் அழுத்தம், கடற்காற்றின் ஆட்டம் அதைப் பெரிதாகக் குழப்பாது. ஆற்றல் தணிக்கை செய்பவர்களிடம் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அதன் பெரிய நன்மை, விகிதத்தோடு அளவும் கிடைப்பது. ஓர் உதாரணம். கதவு சாத்தியிருக்கும்போது ஹாலுக்கும் அறைக்கும் 40, அறைக்கும் வெளிக்கும் 10 பாஸ்கல். அறைக்கதவைத் திறந்து, மறுபடி 50-இல் நிறுத்தினால் ஃபேன் ஓட்டம் மணிக்கு 400 கன மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-இன் 0.65 அடுக்கு சுமார் 12.7, 10-இன் அடுக்கு சுமார் 4.5. 400-ஐ இவற்றின் வித்தியாசமான 8.2-ஆல் வகுத்து 12.7-ஆல் பெருக்கினால், அறையிலிருந்து வெளிக்குள்ள வழி 50 பாஸ்கலில் மணிக்கு 620 கன மீட்டர் அளவு. இதில் 0.4 பங்கு, அதாவது 250 அளவு, கதவுப்பக்க வழி. அந்த 250 என்பது ஏறக்குறைய 125 சதுர சென்டிமீட்டர் ஓட்டை: 90 சென்டிமீட்டர் அகலக் கதவின் அடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. போய்க் கதவடியில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அவ்வளவு இல்லையென்றால், சுவரில் இன்னும் எதையோ நீங்கள் பார்க்கவில்லை.

வழக்கமாகப் பிடிபடும் இடங்கள்

வட சென்னை வீடுகளில் நான் முதலில் பார்ப்பது வயரிங் குழாய். கீழே ஈ.பி. மீட்டர் போர்டிலிருந்து சுவருக்குள் பதித்த பி.வி.சி. குழாய்கள் மேல்மாடிச் சுவிட்ச் போர்டுவரை வரும். வயர் பாதி இடத்தைத்தான் அடைக்கும், மீதி வெற்றுக் குழாய். மிளகாய் நெடி படுக்கையறைச் சுவிட்ச் போர்டிலிருந்து வருகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். அடைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்துவிட்டு, குழாய் வாயில் மட்டும் சிலிக்கான் வைக்கச் சொல்லுங்கள். ஃபோம் அடிக்க வேண்டாம், எரியக்கூடியது.

அடுத்தது டக்ட். அது உங்கள் டக்ட் மட்டுமல்ல. மூன்று மாடிக்காரர்களின் பாத்ரூம் லூவரும், சில நேரம் ஒருவருடைய சமையல் சிம்னிக் குழாயும் அதற்குள் திறக்கும். கீழ்வீட்டில் மீன் பொரிக்கும்போது நீங்கள் சமையலறை ஃபேனைப் போட்டால், அந்தக் காற்று உங்கள் பாத்ரூம் வழியாகத்தான் வரும். பாத்ரூமுக்கு டக்ட்டைத் தவிர வேறு காற்று வழியே இல்லையென்றால் லூவரை நிரந்தரமாக மூடக் கூடாது. பாத்ரூம் கதவடியில் பிரஷ் வைத்த டோர் சீல் போட்டு, காற்று திரும்பி உள்ளே வந்தால் மூடிக்கொள்ளும் தகடுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை டக்ட் பக்கம் வைப்பது நல்லது.

ஏசி குழாய்த் துளையை ஏசி மாட்டியவர் வெள்ளை சிமெண்ட்டால் மேலாக மூடியிருப்பார், இரண்டு மழைக்காலத்தில் அது உதிர்ந்துவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு தனி உலகமே ஓடும். இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் உண்மையான கூரைவரை எழுப்பப்பட்டிருக்கிறதா என்று லைட் துளை வழியாகப் பார்த்துவிடுங்கள். எழுப்பாமல் விட்டிருந்தால் கதவை எவ்வளவு அடைத்தும் பயனில்லை.

அடைப்பதும் திறந்து வைப்பதும்

முதலில் வரைபடத்தில் "வரவே கூடாது" என்று குறித்த வழிகள். ஜெனரேட்டர், பைக் நிறுத்துமிடம், குடோன் பக்கம் உள்ளவை. பிறகு டக்ட், சாக்கடை. வெளி ஜன்னல் இடுக்குகள் கடைசி. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜன்னல்களை அழகாக சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டு, எக்ஸாஸ்டைப் போட்டதும் குடோன் காற்றை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்கிறார்கள். ஃபேன் ஓடும்போது நல்ல பக்கத்து ஜன்னல் ஒன்று நாலு விரல் திறந்திருந்தால், மற்ற எல்லா ஓட்டைகளிலும் இழுப்பு விழுந்துவிடும். பைசா செலவில்லாத வைத்தியம் இதுதான்.

எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்பது நேரத்தைப் பொறுத்தது. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து. கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்குக்குக் கிழக்கே குடியிருப்பவர்கள் இரவில் எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சமையலறை வெண்டிலேட்டரை ஒருபோதும் அடைக்க வேண்டாம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதனால் தரையோரம் ஒரு திறப்பு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் இருந்தால் அதை வெளியே மாற்றுவதுதான் முதல் வேலை, சோதனையெல்லாம் அப்புறம். ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்று கொண்டுவராது. நாலு பேர் படுக்கும் அறையை ஒரு இடுக்கு விடாமல் அடைத்தால் காலையில் தலை கனக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். வீட்டை அடைத்துவிட்டால் அப்படிப்பட்ட கசிவைச் சமாளிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. இங்கே சொன்ன அடைப்பு எதுவும் நச்சு வாயுவை மணிக்கணக்கில் தடுக்காது. அந்த நேரத்தில் எக்ஸாஸ்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டு அதிகாரிகள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

அடைத்து முடித்ததும் அதே விடியற்காலை நேரத்தில், அதே ஃபேனில், அதே ஜன்னல்களை மூடி மறுபடி அளங்கள். வீடு மொத்தமாக இறுகியிருப்பதால் ஹாலுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்தம் முன்பைவிடக் கூடியிருக்கும். ஆகவே பழைய எண்ணோடு புது எண்ணை நேராக ஒப்பிட வேண்டாம், விகிதத்தை ஒப்பிடுங்கள். குடோன் ஷட்டர் மூடிய நிலையில் முன்பு 10-க்கு 7 இருந்தது இப்போது 12-க்கு 11 என்றால் வழி பெருமளவு அடைபட்டுவிட்டது. 12-க்கு 8 என்றே நின்றால், நீங்கள் அடைத்தது வேறு ஏதோ ஓட்டை. மறுபடி சுவிட்ச் போர்டிலிருந்து தொடங்குங்கள்.